சாப்பிட்டு முடித்தார்களா?

"காலை அஞ்சரைக்கே வந்துடு. ஏழு மணிக்கு மேல அந்த ரோட்டில் கார் நகராது" என்று நண்பர் சொல்லியிருந்தார். சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்ப்பவர், தியோச்சூ சீனர். ஏப்ரல் மாதத்தின் முதல் ஞாயிறு. சுவா சூ காங் இடுகாட்டில் இருக்கும் தாத்தா பாட்டி கல்லறைக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன்.

முதலில் வேலை. புல் பிடுங்குவது, சருகு கூட்டுவது, கல்லைத் தேய்த்துக் கழுவுவது. கல்லறைக் கல்லில் செதுக்கியிருந்த எழுத்துகளில் சாயம் போயிருந்தது. நண்பரின் மகள் சின்னத் தூரிகையால் ஒவ்வொரு எழுத்தாக மறுபடி வண்ணம் ஏற்றினாள். அவளுக்குச் சீன எழுத்து அவ்வளவாக வராது. கோட்டின் மேலேயே கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு கல்லறை மேட்டின்மேல் வண்ணக் காகிதங்களை வரிசையாக வைத்துப் பறக்காமல் இருக்கக் கற்களை வைத்தார்கள். வீட்டுக்குக் கூரை மாற்றுவது மாதிரி என்றார் நண்பர். பக்கத்திலேயே மண்ணின் தெய்வத்துக்கு ஒரு சின்னக் கல். முதல் பங்கு அவருக்கு. அதற்கப்புறம்தான் தாத்தாவுக்கு: முழுக் கோழி, வறுத்த பன்றி இறைச்சி, ஆரஞ்சு, தேநீர், கொஞ்சம் மது. வேகவைத்த கிளிஞ்சலும் உண்டு. அதை அங்கேயே தின்றுவிட்டு ஓடுகளைக் கல்லறை மேல் வீச வேண்டுமாம். ஒரு காலத்தில் சிப்பிதான் காசு, அதனால் அது செல்வம்.

படைத்துவிட்டு எல்லோரும் நிழலில் உட்கார்ந்து போனை நோண்டினார்கள். அரை மணி நேரம் கழித்து நண்பரின் அத்தை எழுந்து போய், இரண்டு நாணயங்களைக் கைக்குள் குலுக்கித் தரையில் போட்டார். இரண்டுமே தலை. முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். "என்ன ஆச்சு?" என்றேன். "சாப்பிட்டு முடிச்சாச்சான்னு கேட்டாங்க. இன்னும் இல்லையாம்." ஒன்று தலை, ஒன்று பூவாக விழுந்தால்தான் ஆம் என்று அர்த்தம். பத்து நிமிடம் கழித்து மறுபடி போட்டார். விழுந்தது. உடனே காகிதப் பணத்தைக் கொளுத்தினார்கள்.

எங்கள் ஊரில் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அந்த முகம்தான் அத்தைக்கும் இருந்தது.

இதையெல்லாம் எழுதக் காரணம் வேறு இரண்டு பேர். நண்பரின் தங்கை ஊதுவத்தியைத் தொடவில்லை. கொண்டுவந்த பூவைக் கல்லறை முன் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். அவள் சுதந்திர சபை ஒன்றைச் சேர்ந்த கிறிஸ்தவர். சாப்பாட்டையும் தொடவில்லை. நண்பரின் மைத்துனரும் கிறிஸ்தவர்தான், ஆனால் கத்தோலிக்கர். அவர் மூன்று ஊதுவத்தியைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை குனிந்தார், கோழிக் காலையும் தின்றார். இரண்டு பேரும் ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள், ஒரே பாட்டியின் கல்லறை. ஒருவருக்கு மரியாதையாகத் தெரிவது இன்னொருவருக்குப் பாவம்.

அந்தப் பெண் தள்ளி நின்ற விதம் எனக்குத் தெரிந்த விதம். என் அம்மா அப்படி நின்று பார்த்திருக்கிறேன். அம்மா கல்யாணத்துக்குப் பிறகு மதம் மாறியவர். தாத்தாவின் முதல் வருஷத் திதிக்கு ஊருக்குப் போனபோது எனக்குப் பத்து வயது. படையல் சோற்றைத் தொடக்கூடாது என்று எங்கள் சபையில் கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாமா வாழையிலை போட்டு, வடை வைத்து, சாம்பிராணி காட்டினார். அம்மா நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்றார், அவருடைய அப்பாவின் போட்டோவைப் பார்த்தபடி. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சில அடி இடைவெளிக்குப் பின்னால் முந்நூறு வருடச் சண்டை இருக்கிறது. அதில் ஒரு கட்டம் புதுச்சேரியில் நடந்தது என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

முதலில் அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம். ச்சிங்மிங் என்றால் தெளிவும் வெளிச்சமும். சூரியனை வைத்துச் சீனர்கள் வருடத்தைப் பிரித்த 24 பருவங்களில் ஒன்று. வசந்த காலத்துச் சமநாள் கழிந்து பதினைந்து நாள், அதாவது ஏப்ரல் 4 அல்லது 5 வாக்கில் வரும். முதலில் இது உழவர் நாள்காட்டியில் ஒரு நாள்தான், கல்லறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கல்லறைக்குப் போவது அதை ஒட்டி வந்த 'குளிர் உணவு' விழாவின் வழக்கம். அந்த விழாவில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. ஜே சித்துய் என்ற விசுவாசமான சேவகன் கதையோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். நாடு கடத்தப்பட்ட இளவரசன் பட்டினி கிடந்தபோது தன் தொடைச் சதையை அரிந்து சமைத்துக் கொடுத்தவன். இளவரசன் அரசனான பிறகு பரிசு கேட்காமல் தாயோடு மலைக்குப் போய்விட்டான். அவனை வெளியே வரவழைக்கக் காட்டுக்குத் தீ வைத்தார்கள். அவன் வரவில்லை, அம்மாவோடு எரிந்து போனான். அந்தக் குற்ற உணர்வில்தான் நெருப்புக்குத் தடையாம். கதை பின்னால் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நல்ல கதை.

கி.பி. 732இல் தாங் வம்சத்துப் பேரரசர் ஷுவான்சொங் ஓர் ஆணை போட்டார். குளிர் உணவு நாளில் கல்லறைக்குப் போவதற்குச் சடங்கு நூல்களில் ஆதாரம் இல்லை, ஆனாலும் ஜனங்கள் வழக்கமாக்கிவிட்டார்கள், எனவே அனுமதிக்கலாம் என்பது அதன் சாரம். எனக்கு ரொம்பப் பிடித்த ஆணை இது. சாஸ்திரத்தில் இல்லை, ஆனா எல்லாரும் செய்றாங்க, சரி, செய்யட்டும். நாளடைவில் குளிர் உணவு விழா தேய்ந்து அதன் சடங்குகள் ச்சிங்மிங்கோடு கலந்துவிட்டன.

இப்போது சண்டைக்கு வருவோம்.

1583இல் மத்தேயோ ரிச்சி என்ற இத்தாலிய சேசு சபைப் பாதிரியார் தென்சீனாவில் குடியேறினார். முதலில் புத்த பிக்கு மாதிரி மொட்டை அடித்துக்கொண்டு திரிந்தார். பெரிய மனிதர்கள் பிக்குகளை அவ்வளவாக மதிப்பதில்லை என்று புரிந்ததும், 1595 வாக்கில் தாடி வளர்த்துப் பட்டு அங்கி போட்டுக் கற்றறிந்த பண்டிதரானார். பதினொரு வருடம் கழித்து, 1606இல், அவருடைய சபையைச் சேர்ந்த இன்னொரு இத்தாலியர் மதுரைக்கு வந்து காவி கட்டினார். ராபர்ட் தெ நோபிலி, நம் ஊரில் தத்துவபோதகர். இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி: இந்த ஜனங்களின் வழக்கங்களில் எது வேற்று மதம், எது வெறும் ஊர் வழக்கம்?

முன்னோருக்குப் படைப்பது ஊர் வழக்கம் என்று ரிச்சி முடிவு செய்தார். செத்தவர் வந்து சாப்பிடுவார் என்று அவர்கள் நினைக்கவில்லை, அன்பைக் காட்ட அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை, பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளவும் செய்கிறார்கள் என்பது அவர் கட்சி. அவர் பேசிப் பழகியவர்கள் கன்பூசியப் படிப்பில் ஊறிய அதிகாரிகள். அந்த மரபில் 'இருப்பது போல' என்ற எண்ணம் மையமானது. முன்னோர் எதிரே இருப்பது போல நடந்துகொள், இருக்கிறாரா என்று நோண்டாதே.

1630களில் ஸ்பானியத் தொமினிக்கன், பிரான்சிஸ்கன் துறவிகள் ஃபூஜியன் மாகாணத்துக்கு வந்தார்கள். அவர்கள் பழகியது கிராமத்து ஆட்களோடு. அதில் ஒரு பிரான்சிஸ்கன், தனக்குச் சீனம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரிடம் படையலைக் குறிக்கும் எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். வாத்தியார் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: நீங்கள் திருப்பலி வைக்கிறீர்களே, அது மாதிரிதான். துறவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. (தமிழ்க் கத்தோலிக்கர்கள் திருப்பலியைத் தலைமுறை தலைமுறையாகப் 'பூசை' என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். அதற்கு யாருக்கும் தூக்கிவாரிப் போடவில்லை.)

யார் சொன்னது சரி? இரண்டு பேரும் சரி. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே ஷுன்சி என்ற சிந்தனையாளர் இதைக் கவனித்திருக்கிறார். ஒரே சடங்கைப் படித்தவன் மனித நெறியாகப் பார்க்கிறான், சாதாரண ஜனம் ஆவிகளின் காரியமாகப் பார்க்கிறது என்றார். ரிச்சி மாடியில் விசாரித்தார், தொமினிக்கன்கள் கீழ்த்தளத்தில் விசாரித்தார்கள், கட்டடம் ஒன்றுதான். நாணயம் போட்ட அத்தையும், அதைக் கண்டுகொள்ளாமல் போன் நோண்டிய நண்பரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

ரோமுக்கு இரண்டு தரப்பும் கேள்வி எழுதி அனுப்பின. தொமினிக்கன்கள் விவரித்தபடி கேட்டபோது 1645இல் கூடாது என்று பதில் வந்தது. சேசு சபையினர் விவரித்தபடி கேட்டபோது 1656இல் செய்யலாம் என்று வந்தது. கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும் என்பது அன்றைக்கும் உண்மை. 1693இல் ஃபூஜியனில் பொறுப்பிலிருந்த மேக்ரோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தன் எல்லைக்குள் எல்லாவற்றையும் தடை செய்ய, விஷயம் மறுபடி கொதித்தது. நேரில் போய்த் தீர்த்துவைக்க போப்பாண்டவர் 11ஆம் கிளமெண்ட் ஒரு தூதரை அனுப்பினார்: சார்ல் தோமா மயார் தெ துர்னோன். முப்பத்து நான்கு வயது.

அந்தத் தூதரின் கப்பல் சீனா போகும் வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் நின்றது. துர்னோன் எட்டு மாதம் அங்கே தங்கினார். பெரும்பாலும் உடம்பு சரியில்லாமல் படுத்துக்கிடந்தார். மதுரை மிஷன் நடந்த உள்நாட்டுக்கு அவர் போகவே இல்லை. இரண்டு சேசு சபைப் பாதிரியார்களை விசாரித்து, 1704 ஜூன் 23 தேதியிட்டு ஓர் ஆணை எழுதினார். ஜூலையில் அதை வெளியிட்டுவிட்டு மூன்றே நாளில் கப்பல் ஏறிவிட்டார். யாரும் எதிர்த்துப் பேச நேரமில்லை.

ஆணையில் இருந்தவற்றைப் படித்தால் நம் வீட்டுக் கல்யாண ஆல்பம் புரட்டுவது மாதிரி இருக்கிறது. பிள்ளையார் உருவம் போட்ட தாலி கூடாது. அதை 108 இழை மஞ்சள் கயிற்றில் கோக்கக்கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக்கூடாது. பெண் வயதுக்கு வந்ததைச் சுற்றத்தைக் கூட்டிக் கொண்டாடக்கூடாது. சாணச் சாம்பல் பூசக்கூடாது. ஞானஸ்நானத்தில் எச்சில் தொட்டு வைப்பதை விடக்கூடாது (அருவருப்பு என்று தமிழர்களுக்காக விட்டிருந்தார்கள்).

இதுவரை படித்துவிட்டு, படுக்கையில் கிடந்தபடி ஒரு நாட்டையே திருத்திய ஆள் என்று சிரித்தேன். அடுத்த விதியில் சிரிப்பு நின்றது. நோயுற்ற பறையர் வீடுகளுக்குப் பாதிரியார்கள் போக வேண்டும், சாகும் தறுவாயில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லிக் காத்திருக்கக்கூடாது என்கிறது அது. ஏனென்றால் அதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. உள்ளே போனால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் விலகிப் போய்விடுவார்கள் என்பது மிஷன் தரப்பு நியாயம். சாதி என்பது மதம் இல்லை, இந்த ஊர்ச் சமூக வழக்கம், பூணூலும் குடுமியும் மாதிரி.

அதாவது சீனாவில் ஒரு மகன் தன் தகப்பன் கல்லறைக்குக் குனியலாம் என்று வாதாடிய அதே வாதம், இங்கே ஒரு பாதிரியார் சாகக்கிடக்கிறவனின் குடிசைக்குள் குனிந்து நுழையாமல் இருக்கவும் உதவியது. 'இது வெறும் வழக்கம்தானே' என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகு என்னால் பழைய நிம்மதியோடு படிக்க முடியவில்லை. ரிச்சியின் கட்சிதான் என் கட்சி என்று நினைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கியவன் நான். சீனா வரைக்கும் இன்றைக்கும் அப்படித்தான். மதுரைக்கு வந்தால் துர்னோனின் அந்த ஒரு விதிக்கு நான் கட்சி மாறிவிடுகிறேன். 1744இல் ரோம் கடைசியாக என்ன செய்தது தெரியுமா? பறையர்களுக்கென்று தனிப் பாதிரியார்களை வைக்கிறோம் என்று சேசு சபை சொன்னதை ஏற்றுக்கொண்டது. ஒரே சபைக்குள் சாதிக்கொரு சாமியார்.

துர்னோன் 1705 டிசம்பரில் பெய்ஜிங் போய்ச் சேர்ந்தார். காங்ஷி பேரரசர் நன்றாகத்தான் வரவேற்றார். 1692இல் கிறிஸ்தவத்தை அனுமதித்தவர் அவர். 1700இல் சேசு சபையினர் எழுதிக் கொடுத்த விளக்கத்தைப் படித்து, முன்னோர் சடங்கு நன்றியும் நினைவும்தான், வரம் கேட்கும் வழிபாடு இல்லை என்பதை ஒப்புக்கொண்டவரும் அவரே. இதற்கு மேல் வேறு யாரைக் கேட்க வேண்டும் என்பது அவர் நினைப்பு. துர்னோனோ மேக்ரோவைத் தன் நிபுணராக முன்னிறுத்தினார். 1706 கோடையில் பேரரசர் மேக்ரோவைக் கூப்பிட்டுத் தேர்வு வைத்தார். சிம்மாசனத்துக்குப் பின்னால் எழுதியிருந்த நான்கு எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மேக்ரோவுக்கு ஒன்றுதான் தெரிந்தது. பேச்சுகூட ஃபூஜியன் பேச்சு, மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது. வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு வீட்டுக்குள் நடப்பதைப் பற்றிப் பேசுகிறவர் என்று பேரரசர் அலுத்துக்கொண்டார். ரிச்சியின் வழியில் நடப்பேன் என்று ஒப்புக்கொள்ளும் பாதிரியார்களுக்கு மட்டும் இனி அனுமதிச் சீட்டு என்றார். துர்னோன் 1707 தொடக்கத்தில் நான்ஜிங்கிலிருந்து, ஒப்புக்கொள்கிறவர்கள் சபைக்கு வெளியே என்று பதில் ஆணை போட்டார். அவரை மக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே போர்த்துகீசியர்கள் காவலில் வைத்தார்கள். ரோமிலிருந்து கர்தினால் பதவி வந்து சேர்ந்தபோதும் காவலில்தான் இருந்தார். 1710 ஜூனில் அங்கேயே இறந்தார்.

1715இல் போப்பின் இறுதித் தடை. 1721இல் அதன் மொழிபெயர்ப்பைப் படித்த காங்ஷி, இனி மேற்கத்தியர்கள் இங்கே மதம் பரப்ப வேண்டாம் என்று எழுதிவைத்தார். 1742இல் இன்னொரு போப் விவாதத்தையே மூடினார். சீனா போகும் ஒவ்வொரு பாதிரியாரும் சடங்குகளை அனுமதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். செத்தவர் பெயர் மட்டும் எழுதிய பலகையை வீட்டில் வைக்கலாம். 'ஆவியின் இருக்கை' என்று அதில் எழுதக்கூடாது. அவ்வளவுதான் சலுகை. இருநூறு வருடம் சீனக் கத்தோலிக்கர்கள் ச்சிங்மிங் அன்று சொந்தக்காரர்களிடமிருந்து தள்ளி நின்றார்கள். அப்பன் கல்லறைக்குக் குனியாதவன் என்ற ஏச்சு, அந்த ஊரில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது.

1939 டிசம்பர் 8இல் ரோம் மனதை மாற்றிக்கொண்டது. காலம் மாறிவிட்டது, இவை இப்போது குடிமை மரியாதைகள், படத்துக்கும் பெயர்ப் பலகைக்கும் தலை வணங்கலாம். அடுத்த வருடம் இந்தியாவுக்கான சத்தியமும் நீக்கப்பட்டது. ஞானோதயம் மட்டும் காரணம் இல்லை. ஜப்பானில் ஷிண்டோ ஆலயத்துக்கு மாணவர்கள் தலை வணங்க வேண்டும் என்று ராணுவம் நெருக்கியபோது, அது தேசபக்திதான், மதம் இல்லை என்று 1936லேயே அனுமதித்திருந்தார்கள். துப்பாக்கிக்கு முன் குனிய விட்டவர்கள் தாத்தாவுக்கு முன் குனிவதை எத்தனை நாள் தடுக்க முடியும்? நண்பரின் மைத்துனர் கையில் இருந்த மூன்று ஊதுவத்தி அங்கிருந்து வந்தது. தங்கையின் சபைக்கு ரோம் சொல்வது செல்லாது, அவளுக்கு அந்தப் பழைய தடை புதிதாகவே இருக்கிறது.

சடங்கை நிஜமாகவே ஒழிக்கப் பார்த்தவர்கள் பாதிரியார்கள் இல்லை. 1966 நவம்பரில் சூஃபூ ஊரில் செங்காவலர்கள் கன்பூசியஸ் குடும்பத்துக் கல்லறைகளைத் தோண்டி, அவருடைய 76ஆம் தலைமுறை வாரிசின் உடலை வெளியே இழுத்துப்போட்டார்கள். முன்னோர் வழிபாடு நிலப்பிரபுத்துவ மூடநம்பிக்கை. சரி, முடிந்தது என்று நினைத்திருப்பார்கள்.

பத்து வருடம் கழித்து, 1976 ஜனவரி 8இல் பிரதமர் சோ என்லாய் இறந்தார். உடலை எரித்துச் சாம்பலைத் தூவிவிட்டார்கள். கல்லறை என்று ஒன்று இல்லை. அந்த வருடம் ஏப்ரல் 4 ச்சிங்மிங், ஞாயிற்றுக்கிழமை. பெய்ஜிங் ஜனங்கள் தியனன்மென் சதுக்கத்தில் இருந்த மக்கள் வீரர் நினைவுத்தூணையே கல்லறையாக்கிக்கொண்டார்கள். மலர் வளையங்கள் மலையாகக் குவிந்தன. சுற்றியிருந்த செடிகளில் வெள்ளைக் காகிதப் பூக்களைக் கட்டினார்கள். கவிதைகளை ஒட்டினார்கள், படிக்கத் தெரிந்தவர்கள் உரக்கப் படிக்க மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். அஞ்சலியின் பெயரில் ஆட்சியில் இருந்தவர்களைத் திட்டினார்கள். அன்று இரவே வளையங்களை லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். 5ஆம் தேதி காலை வந்த கூட்டம் காலித் தூணைப் பார்த்தது. பிறகு கலவரம், தடியடி, கைதுகள். 7ஆம் தேதி தெங் சியாவ்பிங்கின் பதவி போனது. 1978 நவம்பரில், அது புரட்சிகரச் செயல்தான் என்று கட்சியே தீர்ப்பை மாற்றியது. 2008 முதல் சீனாவில் ச்சிங்மிங் அரசு விடுமுறை.

தூணுக்கு முன்னால் நின்றவர்களிடம் போய், இது வழிபாடா, குடிமை மரியாதையா என்று துர்னோன் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சுவா சூ காங்கிலிருந்து திரும்பிய அன்று இரவு அம்மாவுக்குப் போன் பண்ணினேன். கிளிஞ்சல் கதை, காசு போட்ட கதை எல்லாம் சொன்னேன். "எல்லா ஊர்லயும் இதே பொழப்புதானா" என்று சிரித்தார். தாத்தா திதி அன்றைக்கு நிலைப்படியில் நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"வடை சாப்பிட்டேன்டா" என்றார்.

"எப்போ?"

"கிளம்பும்போது உங்க மாமா ஒரு பொட்டலம் கட்டி பையில போட்டான். படையல்ல வச்சதுன்னு தெரியும். பஸ்ஸு துவரங்குறிச்சி தாண்டினதும் எடுத்துத் தின்னேன். நீ மடியில தூங்கிட்டிருந்த."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"ரெண்டு இருந்துச்சு. ஒண்ண அவருக்கும் குடுத்தேன். எங்க வாங்கினேன்னு அவர் கேக்கல."